மழை குறையவில்லை, புல் மட்டும் ஏன் காய்கிறது?

பிஎம் பால்காரர்:
வணக்கம். பினாங்கில் புக்கிட் மெர்தாஜாம் பக்கம் ஏழு மாடு வைத்திருக்கிறேன். தோட்டத்து ஆபீசில் கிராணி (எழுத்தர்) தினமும் மழை அளந்து எழுதுவதைப் பார்த்து வளர்ந்தவன், அதனால் எனக்கும் ஒரு மழை நோட்டு உண்டு. ஜனவரி, பிப்ரவரியில் புல் காய்வது வழக்கம்தான். இந்த வருஷம் மே முதல் ஜூலை வரைகூட நேப்பியர் புல் முழங்காலுக்கு மேல் வரவில்லை. கூட்டிப் பார்த்தால் மழை போன வருஷ அளவுதான். அமெரிக்காவில் புல்லுக்குக் கூரை போட்டு மழையைத் தடுத்து ஆராய்ச்சி செய்கிறார்கள் என்கிறான் பையன். படித்தவர்கள் செய்கிற வேலையா இது?

ஆயர் ஈத்தாம் அக்கா:
அண்ணே, அந்தப் புல்லை நானே முட்டி போட்டு வெட்டியிருக்கிறேன்! கான்சஸ் மாநிலத்து மன்ஹாட்டனில் படித்தேன் (நியூயார்க் என்று நினைத்து அம்மா ஊரெல்லாம் சொல்லிவிட்டார்). பக்கத்திலேயே கோன்சா புல்வெளி. மண்ணுக்கடியில் சுண்ணாம்புப் பாறை, ஏர் இறங்காது. அதனால்தான் உழுது அழிக்காமல் விட்டார்கள். சின்னச் சட்டத்தைத் தரையில் வைத்து, உள்ளே இருக்கும் புல்லை அடியோடு வெட்டி, காயவைத்து எடை போடுவோம்.

1998-இல் அங்கே தொடங்கிய சோதனையின் ஒரு பகுதியில் மழையை ஒரு சொட்டுகூடக் குறைக்கவில்லை. கூரையில் விழுந்ததைத் தொட்டியில் பிடித்து, மழைக்கு மழை இடைவெளியை மட்டும் 50% நீட்டி, மொத்தமாகத் தெளித்தார்கள். அதற்கே புல் விளைச்சல் குறைந்தது. வேர் அதிகம் இருப்பது மேல்மண்ணில், அது நடுவில் காய்ந்துவிடுகிறது. காற்று 1 டிகிரி சூடானால் சுமார் 7% கூடுதல் நீராவி பிடிக்கும், அதனால் பெய்தால் கொட்டித் தீர்க்கிறது. வேடிக்கை என்னவென்றால், கொலராடோவின் வறண்ட குட்டைப்புல் வெளியில் இதே முறை விளைச்சலைக் கூட்டியது. அங்கே சிறு தூறல் ஆவியாகிவிடும், பெருமழைதான் ஆழம் இறங்கும்.

நோட்டில் மொத்தத்தைக் கூட்டாதீர்கள். மழை இல்லாத நாட்களை எண்ணுங்கள்.

சுங்கை டுவா தம்பி:
அதெல்லாம் கான்சஸ் கதை அக்கா. அண்ணே, பக்கத்தில் புது வீடமைப்புக்காக வாய்க்காலைத் திருப்பிவிட்டார்களா, முதலில் அதைப் பாருங்கள்.

ஆயர் ஈத்தாம் அக்கா:
அதுவும் சரிதான். இரண்டையும் பாருங்கள்.

பிஎம் பால்காரர்:
எண்ணிவிட்டேன். போன வருஷம் அந்த மூன்று மாதத்தில் நீளமான இடைவெளி 9 நாள். இந்த வருஷம் ஒன்று 17, இன்னொன்று 21. அந்த 21 முடிந்த ராத்திரி மட்டும் 94 மி.மீ. கொட்டகைக்குள் தண்ணீர் ஏறி தவிட்டு மூட்டை நனைந்தது அன்றைக்குத்தான். தம்பி, வாய்க்காலையும் போய்ப் பார்த்தேன், திருப்பித்தான் விட்டிருக்கிறார்கள்.

பையன் பின்கட்டில் கூரை போட்டுப் பார்க்கத் தகரம் கேட்கிறான். கொடுப்பதாக இல்லை, மாட்டுக்கே ஒழுகுகிறது.