கொழும்பு கறுவாத்தோட்டத்தில் நாலு குடும்பப் பழைய வீடு: வாங்கலாமா?

வெள்ளவத்தைக்காரி
நானும் அக்காவும் தம்பியும் சேர்ந்து பார்ன்ஸ் பிளேஸ் பக்கம் ஒரு பழைய மாடிவீடு பார்த்திருக்கிறோம். காணி 14 பேர்ச். கபுக்கல் (செம்புறைக்கல்) சுவர், கள்ளிக்கோட்டை ஓடு, நீள விறாந்தை. ஒரு குடும்பத்துக்குக் கட்டியதை எப்போதோ பலகை அடித்து நாலாக்கியிருக்கிறார்கள். மேலே இரண்டு பகுதியும் காலி. கீழே ஒன்றில் உரிமையாளரின் மருமகள், மற்றதில் எண்பதைத் தாண்டிய ஐயா ஒருவரும் மகளும்.

ஐயா 1974இல் வந்தவராம். பிஸ்கட் தகரத்தில் வாடகைப் பற்றுச்சீட்டுகளை இறப்பர் வளையம் போட்டு வைத்திருக்கிறார். ஒன்றை எடுத்துக் காட்டினார்: மாதம் 90 ரூபாய். ஒரு மாதமும் தவறவில்லை என்றார், தேத்தண்ணியும் தந்தார். தரகரோ, "வாங்கின பிறகு எழுப்பிவிடலாம்" என்கிறார். அம்மாவுக்கு வீடு பிடித்துவிட்டது. எனக்கும்தான். என்னென்ன பார்க்க வேண்டும்?

ஓய்வுபெற்ற நொத்தாரிசு
தங்கச்சி, அந்தத் தகரம்தான் உங்கள் வீட்டின் விலை. 1972ஆம் ஆண்டு வாடகைச் சட்டத்துக்குள் வருகிற குடியிருப்பாளர், உறுதி (சொத்துப் பத்திரம்) கைமாறினதற்காக எழும்ப மாட்டார். அவர் காலமானாலும் கூடவே இருக்கிற மகளுக்கு அந்த உரிமை போகலாம். விலைக்கு வாங்கினவர் "எனக்கு வீடு தேவை" என்று வழக்குப் போட்டு வெல்வது மிகக் கடினம். இந்த வீடு சட்டத்துக்குள் வருகிறதா என்பதற்கு சோலைவரிக்காக (வீட்டு வரிக்காக) மாநகர சபை போட்ட பெறுமதியையும் பார்க்க வேண்டும். தரகர் சொன்னதை எழுத்தில் கேட்டுப் பாருங்கள், தரமாட்டார்.

ஐயாவோடு பேசித் தீர்க்க வேண்டியது விற்பவர், நீங்களல்ல. அந்தப் பகுதி காலியாகிச் சாவி கைக்கு வந்த பிறகே கையெழுத்து. இல்லாவிட்டால் அவர் இருக்கிறார் என்றே விலையைக் குறைத்து வாங்குங்கள். அதுவும் நேர்மையான வழிதான்.

காணிப் பதிவகத்தில் முப்பது வருட உறுதிகளைத் தேடச் சொல்லுங்கள். முத்திரை வரி வாங்குபவர் தலையில்: முதல் ஒரு லட்சத்துக்கு 3 வீதம், மிச்சத்துக்கு 4 வீதம். மாநகர சபையில் "ஸ்ட்ரீட் லைன்" (வீதி எல்லை) கடிதமும் எடுங்கள், மதில் நாளைக்கு வீதிக்குள் போய்விடக்கூடாது.

இன்னொன்று. ஆளுக்கொரு பகுதி என்று வாயால் பிரித்தால் போதாது. ஒவ்வொரு பகுதியையும் தனிச் சொத்தாகக் காட்டும் மாடிமனைத் திட்டம் பதியாவிட்டால் மூவருக்கும் பிரிபடாத பங்குதான். ஒருவர் கோபித்தாலும் 1977ஆம் ஆண்டுப் பிரிவினைச் சட்டத்தில் வழக்குப் போடலாம். சகோதரங்கள்தானே என்று சொல்லித்தான் எல்லாரும் என்னிடம் வந்தார்கள்.

கபுக்கல்
மாடிப்படியின் அடிப்பலகையைச் சாவியால் குத்திப் பார்த்தீர்களா? எங்கள் வீட்டில் வாங்குமுன் பெயின்ட் மினுங்கியது, குத்தினால் சாவி விரலளவு உள்ளே போனது. கறையான். கூரை மரத்தையும் பாருங்கள், ஓடு மாற்றுவது அவ்வளவு செலவில்லை. சுவரில் சீமெந்து பூசியிருந்தால் சந்தேகப்படுங்கள்: சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை வெளியே விட வேண்டும், சீமெந்து அதை உள்ளேயே அடைத்துவிடும்.

வெள்ளவத்தைக்காரி
சாவியோடு இன்று போனேன். மூன்றாம் படி போய்விட்டது. விற்பவரிடம், கீழ்ப்பகுதிச் சாவி இல்லாமல் உறுதி இல்லை என்று சொல்லியாயிற்று. யோசித்துச் சொல்கிறாராம். தரகர் இப்போது என் அழைப்பை எடுப்பதில்லை. தம்பியிடம் பங்கு விஷயத்தைச் சொன்னேன், "என்னை நம்பமாட்டியா" என்று முகத்தைத் தூக்கிவிட்டான்.

வெளியே வரும்போது ஐயாவின் மகளிடம் தண்ணீர் மீட்டர் எத்தனை என்று கேட்டேன். நாலு வீட்டுக்கும் ஒன்றுதானாம். பில் ஐயாவின் பெயரில்.