பாரிஸ் ரயிலடியும் எங்கள் வளவும்

கானாடுகாத்தான்காரர்:

மகளைப் பார்க்கப் பாரிஸ் போயிருந்தபோது மாப்பிள்ளை ஒர்சே அருங்காட்சியகத்துக்குக் கூட்டிப்போனார். உள்ளே நுழைந்ததும் கண் ஓவியங்களுக்குப் போகவில்லை. தலைக்கு மேலே கண்ணாடிக் கூரை, எதிரே ஆள் உயரத்தைத் தாண்டிய பொன்னிறக் கடிகாரம். "ரயிலடி மாதிரி இருக்கே மாப்பிள்ளை" என்றேன். "ரயிலடியேதான் மாமா" என்றார்.

1900இல் உலகக் கண்காட்சியை ஒட்டிக் கட்டியது. ஊருக்கு நடுவே, தண்டவாளம் தரைக்குக் கீழே. நீராவி இஞ்சின் வந்தால் புகை மண்டிவிடும் என்று, முந்தைய நிலையத்திலேயே அதைக் கழற்றி மின்சார இஞ்சினை மாட்டிக் கொண்டுவந்திருக்கிறார்கள். நம் கடற்கரை - தாம்பரம் மின்சார ரயிலே 1931இல்தான் வந்தது! கரி படியாது என்பதால் 32 மீட்டர் உயரக் கூடத்தில் வரிசை வரிசையாகப் பூ வேலைப்பாடு. கழுத்து வலிக்க அண்ணாந்து நின்றேன்.

அப்புறம் ரயில்கள் நீண்டன, நடைமேடை போதவில்லை. 1939இல் தொலைதூர ரயில்கள் நின்றுவிட்டன. 1970இல் இடிக்க அனுமதியும் கொடுத்தாகிவிட்டது. அங்கே ஓட்டல் கட்டக் கூடாதென்று ஓர் அமைச்சர் தடுத்ததால் கட்டடம் பிழைத்தது. 1986இல் அருங்காட்சியகம் ஆனது.

எங்கள் செட்டிநாட்டு வீட்டில் ஒன்பது புள்ளி, அதாவது பங்குள்ள குடும்பங்கள் ஒன்பது. போன வருடம் பங்காளிகள் கூடியபோது தூண்களுக்கு விலை சொல்ல ஒரு வியாபாரி வந்திருந்தார். வளவில், அதாவது தூண்கள் சூழ்ந்த நடு முற்றத்தில், நின்று பர்மா தேக்கை நகத்தால் சுரண்டிப் பார்த்தார். நானும் சரியென்று தலையாட்டியவன்தான். அந்தக் கடிகாரத்துக்குக் கீழே நின்றபோது அந்த நகம்தான் நினைவுக்கு வந்தது. அன்று இரவே தம்பிக்குப் போன் போட்டு, நான் வரும்வரை யாரும் கையெழுத்துப் போட வேண்டாம் என்றேன்.

தேவகோட்டைக்காரர்:

அண்ணே, நானும் போயிருக்கிறேன். அங்கே கீழே இன்னமும் புறநகர் மின்சார ரயில் ஓடுகிறது, நான் அதில்தான் போய் இறங்கினேன். பழைய வேலையை முழுசாக விடாமலே புது வேலைக்கு வந்த கட்டடம் அது.

எங்கள் வீட்டைத் தங்கும் விடுதிக்குக் குத்தகைக்கு விட்டு ஆறு வருடமாகிறது. முகப்பிலும் வளவிலும் விருந்தாளிகள் இருப்பார்கள். சாமி வீட்டுச் சாவி எங்களிடம். முன்னோருக்குப் படைக்கும் படைப்புக்கு மூன்று நாள் வீடு முழுதும் எங்களுக்கு என்று பத்திரத்திலேயே எழுதியிருக்கிறோம். ஓடு மாற்றும் செலவு யாருடையது என்று மட்டும் எழுதாமல் விட்டோம், ஒவ்வொரு மழைக்கும் அதே பேச்சு. நீங்கள் அதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள் அண்ணே.