புதுப்பிப்பு: அக்கா மகளின் ஸ்பானிய வாய்மொழிப் பரீட்சை

மட்டக்களப்பு கல்லடியில் இருக்கும் அக்காவின் மகள் ஏ.எல். (உயர்தரம்) முடித்துவிட்டு இணைய வகுப்பில் ஸ்பானியம் படிக்கிறாள், மேற்படிப்பு, வேலை பற்றி அவள் எப்படிப் பேசிப் பழகலாம் என்று முன்பு கேட்டிருந்தேன். பரீட்சை நல்லபடியாக முடிந்தது. பதில் சொன்ன எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி.

எதிர்கால வினை வடிவங்களைப் பிறகு பார்க்கலாம், முதலில் 'வோய் ஆ' ('...ப் போகிறேன்') போதும் என்றீர்கள். அதுதான் அவளுக்குத் துணிவு தந்தது. 'வோய் ஆ எஸ்துதியார் என்ஃபெர்மெரீயா' என்றால் தாதியியல் படிக்கப் போகிறேன். நம்முடைய 'போகிறேன்' போலவே இருப்பதால் சட்டென்று பிடித்துக்கொண்டாள். 'கியெரோ செர் என்ஃபெர்மெரா' (தாதியாக விரும்புகிறேன்) என்பதில் தொழிலுக்கு முன் 'ஊனா' (ஒரு) வராது என்பதும் பழகிவிட்டது.

பாடாய்ப் படுத்தியது, 'எப்போது, ...தும்' என்று பொருள்தரும் 'குவாந்தோ'தான். 'படிப்பை முடித்ததும்' என்று இனி நடக்கப்போவதைச் சொல்லும்போது அதன் பின் 'தெர்மினோ' (முடிக்கிறேன்) அல்ல, 'தெர்மினே' என்ற வடிவம் வரவேண்டும். அக்கா இடியப்பம் பிழியும்போது பக்கத்தில் நின்று இதையே சொல்லிக்கொண்டிருப்பாள்.

ஆசிரியை எங்கே படிக்க விருப்பம் என்று கேட்டாராம். கிழக்குப் பல்கலைக்கழகத்தில், மட்டக்களப்பிலேயே என்று 'மே குஸ்தாரீயா' (எனக்கு விருப்பம்) போட்டுச் சொல்லியிருக்கிறாள். எனக்குப் பெருமையாக இருந்தது.

அடுத்து, ஏன் இந்தத் தொழில் என்று காரணம் சொல்லப் பழக வேண்டும். 'போர்கே'யை (ஏனென்றால்) தாண்டி என்னென்ன சொல்லிக்கொடுக்கலாம்?