நாற்காலிக்கு எத்தனை கால்?

வேர்ச்சொல்:
நேற்று இந்த மன்றத்தில் வேறொரு விவாத இழையில் ஒருவர் போகிறபோக்கில் எழுதிவிட்டுப் போனார்: "சொல்லுக்கும் பொருளுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. நாலு பேர் ஒத்துக்கொண்டால் அதுதான் பொருள்." படித்ததிலிருந்து தூக்கம் போய்விட்டது. பறப்பதால் பறவை. நான்கு கால் இருப்பதால் நாற்காலி. இதில் எந்த நாலு பேர், எந்த மரத்தடியில் கூடி ஒத்துக்கொண்டார்கள்? கூட்டக் குறிப்பு இருந்தால் காட்டட்டும்.

கடைசிபெஞ்சு:
எழுதியது நான்தான். 'ஒருவர்' என்று ஒளிப்பானேன், பெயரைச் சொல்லியே திட்டுங்கள். நான் இப்போது உட்கார்ந்திருக்கும் நாற்காலிக்கு நடுவில் ஒரே ஒரு தண்டு, அடியில் ஐந்து சக்கரம். கால் என்று எதை எண்ண?

வேர்ச்சொல்:
அது சுழல் நாற்காலி. சாதாரண நாற்காலி இல்லை என்பதால்தானே முன்னால் அடைமொழி வந்தது?

கடைசிபெஞ்சு:
'சுழல்' என்பது சுழல்வதைச் சொல்கிறது. காலைப் பற்றி அதில் ஒரு பேச்சும் இல்லை. திரும்பக் கேட்கிறேன்: கால் எத்தனை?

இடையினம்:
மேசைக்கும் நாலு கால், கட்டிலுக்கும் நாலு கால். பெயர் மட்டும் ஏன் நாற்காலிக்குப் போனது? இதற்குத்தான் இலக்கணத்தில் 'காரண இடுகுறி' என்று ஒரு வகை வைத்திருக்கிறார்கள்: காரணத்தோடு பிறந்தும், வழக்கத்தால் ஒன்றுக்கு மட்டுமே நிற்கும் பெயர். முள் உள்ள செடியெல்லாம் முள்ளி ஆகாது, ஒரு குறிப்பிட்ட செடிதான் முள்ளி. எள்+நெய் எண்ணெய் ஆனது. அப்புறம் மண்ணெண்ணெயில் எள்ளும் இல்லை, நெய்யும் இல்லை. பெயர் பிறந்த கதை ஒன்று, பெயர் இன்று செய்யும் வேலை இன்னொன்று. நீங்கள் ஆளுக்கொன்றைப் பிடித்துக்கொண்டு இழுக்கிறீர்கள். முதலில் 'பொருள்' என்று எதைச் சொல்கிறீர்கள் என்று இருவரும் எழுதுங்களேன்.

வேர்ச்சொல்:
பொருள் என்றால் பொருள். 'காரண இடுகுறி'யில் காரணம்தான் முன்னால் நிற்கிறது, கவனித்தீர்களா? எனக்காக வாதாடியதற்கு நன்றி.

இடையினம்:
நான் உங்களுக்காக வாதாடவில்லை.

வேர்ச்சொல்:
அடக்கம் வேண்டாம். தொல்காப்பியர் 'எல்லாச் சொல்லும் பொருள் குறித்தனவே' என்றார். அதோடு 'மொழிப்பொருட் காரணம் விழிப்பத் தோன்றா' என்றும் சொன்னார். பார்த்த மாத்திரத்தில் தெரியாது என்றாரே தவிர, காரணமே இல்லை என்று சொல்லவில்லை. கடைசிபெஞ்சு கும்பிடும் மொழியியலாளர் சொஸ்யூர் 1913-இல் இறந்துபோனார். குறியும் பொருளும் இயல்பான தொடர்பு இல்லாதவை என்கிற அந்தப் புத்தகம் 1916-இல் வந்தது. அவர் தன் கையால் எழுதியதுகூட இல்லை, மாணவர்களின் குறிப்பேடுகளிலிருந்து மற்றவர்கள் தொகுத்தது. யாரோ எடுத்த குறிப்பை நம்பி நம் நாற்காலியின் காலை ஒடிக்கிறார்கள்!

கடைசிபெஞ்சு:
ஒடிக்க என்ன இருக்கிறது, இருப்பதே ஒரு தண்டு. தோன்றாத காரணம் உங்களுக்கு மட்டும் எப்படித் தோன்றியது? சரி, மரத்தை ஏன் மரம் என்கிறோம்? நாயைத் தெலுங்கில் குக்க, இந்தியில் குத்தா, ஆங்கிலத்தில் டாக் என்கிறார்கள். காரணம் நாயிடம் இருந்தால் பெயர் ஒன்றாக இருக்க வேண்டாமா? காதால் கேட்டு வைத்த பெயர்கூட ஒத்துப்போவதில்லை. சேவல் தமிழில் கொக்கரக்கோ, பிரெஞ்சில் கோகோரிகோ, ஆங்கிலத்தில் காக்கடூடுல்டூ.

வேர்ச்சொல்:
கொக்கரக்கோவும் கோகோரிகோவும் அண்ணன் தம்பி மாதிரி இருக்கின்றன. நீங்களே சொல்லிவிட்டீர்கள்.

கடைசிபெஞ்சு:
ஆங்கிலச் சேவலை எங்கே ஒளித்தீர்கள்?

புதுவரவு:
குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். ஆஸ்திரேலியாவின் ம்பபரம் என்ற பழங்குடி மொழியிலும் நாய்க்குப் பெயர் 'டாக்'தான். ஆங்கிலத்திலிருந்து போனதில்லை. பக்கத்து மொழியான இடின்யியில் அது 'குடகா'. அந்த மாதிரி வடிவம் தேய்ந்து தேய்ந்து இப்படி ஆனது. ஒலி ஒத்துப்போவது தற்செயல் என்பதற்கு மொழியியலில் அடிக்கடி காட்டும் உதாரணம்.

வேர்ச்சொல்:
தற்செயல் என்று யார் முடிவு செய்தது?

புதுவரவு:
பழைய வடிவங்களை ஒப்பிட்டுத்தான்...

வேர்ச்சொல்:
பழைய வடிவம்! அதாவது வேர்! வாருங்கள் நண்பரே, நம் பக்கம் உட்காருங்கள்.

கடைசிபெஞ்சு:
எதில்? கால் எண்ணிவிட்டீர்களா?

ஒற்றெழுத்து:
இருவருக்கும் பொதுவாக ஒன்று. மொழியைப் பற்றிப் பேசுகிறவர்கள் முதலில் ஒற்று போடப் பழக வேண்டும். கடைசிபெஞ்சு போன மாதம் 'பொருளை பற்றி' என்று எழுதினார். படம்பிடித்து வைத்திருக்கிறேன்.

கடைசிபெஞ்சு:
அந்த ஒற்று இல்லாததால் உங்களுக்குப் பொருள் விளங்காமல் போனதா? விளங்கியது அல்லவா? என் கட்சிக்கு அதுவே சாட்சி.

ஒற்றெழுத்து:
விளங்கியது என் திறமை.

வேர்ச்சொல்:
இவர் பழைய ஆள்தான். 'நாற்றம்' இழை ஞாபகம் இருக்கிறதா? முன்பு நறுமணத்துக்கும் அதே சொல் என்று நான் எடுத்துக் காட்டியதும், ஊருக்குப் போகிறேன் என்று நான்கு நாள் காணாமல் போனார்.

கடைசிபெஞ்சு:
உண்மையிலேயே போயிருந்தேன். அப்புறம், பொருள் நறுமணத்திலிருந்து துர்நாற்றத்துக்கு மாறியது உங்கள் கட்சிக்கா பலம்? வேர் அப்படியேதானே இருக்கிறது, வாசம் மட்டும் ஏன் கெட்டது?

இடையினம்:
இதைத்தான் நான் நான்காவது பதிவிலேயே...

வேர்ச்சொல்:
ஐந்தாவது. ஒற்று மட்டுமில்லை, எண்ணவும் பழக வேண்டும்.

புதுவரவு:
ஒலிக்கும் உருவத்துக்கும் கொஞ்சம் தொடர்பு உண்டுதான். முள்முள்ளான உருவத்தையும் உருண்டையான உருவத்தையும் காட்டி எது 'கிகி', எது 'பூபா' என்று கேட்டால், பெரும்பாலோர் முள்ளுக்குக் கிகி என்கிறார்கள். இதை ஆய்வாளர்கள் ராமச்சந்திரனும் ஹப்பார்டும் 2001-இல் எழுதினார்கள். அதற்கு முன்பே உளவியலாளர் கோலர் 1929-இல் வேறு சொற்களை வைத்து இதையே கவனித்தார்.

வேர்ச்சொல்:
முடிந்தது வழக்கு.

கடைசிபெஞ்சு:
நாற்காலி கிகியா, பூபாவா?

வேர்ச்சொல்:
சரி, உங்கள் நாற்காலிக்கே வருகிறேன். அந்த ஐந்து சக்கரங்களைத் தாங்க ஐந்து கிளைகள் இருக்கும். அவைதான் கால். ஐந்துக்குள் நான்கு அடக்கம். ஆக நாற்காலி.

கடைசிபெஞ்சு:
அப்படியென்றால் மரவட்டையும் நாற்காலிதான்.

வேர்ச்சொல்:
மரம், அட்டை. மரவட்டை. காரணப்பெயர். குறித்துக்கொள்ளுங்கள்.

கடைசிபெஞ்சு:
அது அட்டையே இல்லை. அட்டை இரத்தம் குடிக்கும், இது மக்கிய இலையைத் தின்னும்.

வேர்ச்சொல்:
மரவட்டைக்கு நாளை தனி இழை தொடங்குகிறேன். ஊருக்குப் போய்விடாதீர்கள்.