வாய்ஸ் ஓவர் பேசும் பெண்களே, இன்னும் மனதை அரிக்கும் ஒரு வேலையைச் சொல்லுங்கள்

மலைரயில்:
2024 மே மாதம், நீலகிரிக்கு வரும் வண்டிகளுக்கு இ-பாஸ் வந்த நேரம். சுற்றுலா வேன்களில் போட ஓர் அறிவிப்பு. பிளாஸ்டிக் பாட்டில் வேண்டாம், இ-பாஸைக் காட்டுங்கள், கொண்டை ஊசி வளைவில் ஏறி வரும் வண்டிக்கு வழி விடுங்கள், அவ்வளவுதான். "நீளம் பார்க்க மாதிரிக்கு ஒரு தடவை பேசி அனுப்புங்க" என்றார்கள். குன்னூரில் என் அறை ஜன்னலுக்குக் கம்பளி கட்டிப் பேசி அனுப்பினேன். "எச்சரிக்கைன்னா ஆம்பளைக் குரல்தான் எடுபடும்" என்று பதில் வந்தது. சரி என்று விட்டுவிட்டேன். அப்புறம் ஒருநாள் பர்லியாரில் டீக்கு நின்றபோது பக்கத்து வேனில் அது ஓடியது. ஆண் குரல். ஆனால் "ஏறி வரும் வண்டிக்கு" என்றதும் நான் விட்ட அதே இடைவெளி, "வழி"யில் நான் கொடுத்த அதே அழுத்தம். என் பதிவைக் காதில் போட்டுக்கொண்டு பேசியிருக்கிறார். வேன் கிளம்பும்வரை என்னால் நகர முடியவில்லை.

பூம்பாறைப் பெண்:
எனக்குப் பூண்டு. எங்கள் மலைப்பூண்டுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்த பிறகு ஒரு மருந்துக் கம்பெனி விவசாயிகளுக்கான வீடியோ எடுத்தது. "பெண் சொன்னா விவசாயி கேக்க மாட்டார் மேடம்" என்றார் கம்பெனிக்காரர் போனில். ஸ்பீக்கரில் இருந்தது. பூண்டைக் கட்டிக்கொண்டிருந்த அம்மா, "நடுறதும் களை எடுக்கிறதும் யாருன்னு அவரைக் கேளு" என்று சத்தமாகச் சொன்னார். அந்தப் பக்கம் கட் செய்துவிட்டார்கள்.

ஊட்டி ஒலிப்பதிவாளர்:
சகோதரிகளே, வாய்ப்பே இல்லை என்பதை ஏற்க முடியவில்லை. சிம்ரனுக்குக் குரல் கொடுத்த சவிதா, நயன்தாராவுக்குக் கொடுத்த தீபா வெங்கட், எத்தனை பேர்! எனக்கும் ஓர் அனுபவம் உண்டு. ஆடி மழையில் பாதிப் பதிவில், சின்னச் சத்தத்தையும் பிடிக்கும் கண்டென்சர் மைக் படபடவென்று பொரிய ஆரம்பித்து வேலையே போனது. மலையில் ஈரம்தான் முதல் எதிரி. மைக்கை ஸ்டாண்டிலேயே விடாதீர்கள். காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பையோடு வையுங்கள், பை நமத்தால் மாற்றுங்கள். தகரக் கூரை வீடு என்றால், அவ்வளவு நுணுக்கமாகப் பிடிக்காத டைனமிக் மைக் நல்லது, வாயருகே வைத்துப் பேசினால் மழைச் சத்தம் அவ்வளவாக ஏறாது. 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட்டில் பதியுங்கள். சுருக்கிய எம்பி3 அனுப்பாதீர்கள், சுருக்காத வேவ் கோப்பாகவே கொடுங்கள். விடியற்காலைப் பனியில் வெந்நீர் குடிக்காமல் பேச உட்காராதீர்கள்.

பூம்பாறைப் பெண்:
அண்ணா, வாய்ப்பே இல்லை என்று நாங்கள் எழுதவில்லை. நீங்கள் சொன்னதெல்லாம் கதாநாயகிக்குப் பேசியது. திரையில் அவள் வாய் அசைந்தால் பெண் குரல் வேண்டியே ஆக வேண்டும். முகமே தெரியாத இடங்களில்தான், எச்சரிக்கை, விவசாயம், ஆவணப்படம் என்று வந்தால், "கம்பீரம்" கேட்கிறார்கள். கொடைக்கானல் பண்பலை 100.5-ல் பெண் அறிவிப்பாளர்கள் பேசுவதை மதுரை வரை கேட்கிறார்கள். பெண் சொல்கிறாள் என்று யார் நம்பாமல் போனார்கள்?
மலைரயில் அக்கா, அந்த மாதிரிப் பதிவுக்குப் பணம் கேட்டீர்களா?

மலைரயில்:
கேட்டேன்மா. "உங்க குரலை நாங்க பயன்படுத்தலையே" என்றார்கள். இப்போது யார் மாதிரிப் பதிவு கேட்டாலும் முதல் இரண்டு வரிதான் பேசி அனுப்புகிறேன். முழுசும் வேண்டுமென்றால் முன்பணம்.