'ஜாவா 8'னு சொன்னா எந்த 8?

சர்வர்சாமி:
புதுசா சேர்ற பசங்ககிட்ட ப்ராஜெக்ட் ஜாவா 8னு சொன்னா போதும். அது மொழி வெர்ஷனா, கோட மாத்தித் தர்ற கம்பைலரா, அத ஓட்டுற ரன்டைமானு பிரிச்சு பிரிச்சு பாடம் எடுத்து ஏன்பா குழப்புறீங்க? எல்லா இடத்துலயும் ஒரே ஜேடிகே (கம்பைலர், ரன்டைம் எல்லாம் சேர்ந்த ஜாவா பேக்கேஜ்) போடு, விஷயம் முடிஞ்சுது. 1.8னு சொன்னாலும் 8னு சொன்னாலும் ஒண்ணுதான்.

பைட்கோடு_பாலு:
1.8ம் 8ம் ஒண்ணு, சரி. மத்தது ஒண்ணு இல்லண்ணே. எந்த சிண்டாக்ஸ் எழுதலாம்ங்கிறது வேற, கம்பைல் ஆகி வர்ற கிளாஸ் ஃபைலோட வெர்ஷன் வேற, அத ஓட்டுற ஜேவிஎம் வேற. லேப்டாப்ல 17ல பில்ட் பண்ணத சர்வர்ல 8ல ஓட்டுங்க, அன்சப்போர்ட்டட் கிளாஸ் வெர்ஷன் எரர் வரும், அதுல 61.0, 52.0னு ரெண்டு நம்பர் இருக்கும். 61னா ஜாவா 17, 52னா ஜாவா 8. இத பிரிச்சு சொல்லித் தரலேன்னா அந்தப் பையன் அத வச்சு என்ன பண்ணுவான்?

சர்வர்சாமி:
டார்கெட் 8னு, அதாவது 8க்கான கிளாஸ் ஃபைல் வேணும்னு, கம்பைலருக்குப் போட்டுட்டு பில்ட் பண்ணச் சொல்லு தம்பி, அதுக்குத்தானே அது இருக்கு.

பைட்கோடு_பாலு:
அங்கதான் மாட்டுவோம். ஜேடிகே 9ல சோர்ஸ் 8 (எழுதுற மொழி வெர்ஷன்), டார்கெட் 8 போட்டு, கோட்ல ஜாவாவோடயே வர்ற பைட்பஃபர் கிளாஸோட ஃப்ளிப் மெத்தட கூப்பிடுங்க. ஒரு வார்னிங்கோட கம்பைல் ஆயிரும், கிளாஸ் ஃபைல்லயும் 52தான் இருக்கும், ஆனா 8ல ஓட்டினா நோ சச் மெத்தட் எரர். ஏன்னா 8 வரைக்கும் ஃப்ளிப் பஃபர் கிளாஸ்ல இருந்துதான் வரும், அது பஃபரத்தான் திருப்பித் தரும், 9ல பைட்பஃபர்லயே தனியா எழுதி பைட்பஃபரையே தர்ற மாதிரி மாத்திட்டாங்க, நம்ம கோடு அந்தப் புது மெத்தட தேடிட்டுப் போகுது, 8ல அது இல்ல. இதுக்குத்தான் 9ல கம்பைலருக்கு ரிலீஸ் ஆப்ஷன் வந்துச்சு, ரிலீஸ் 8னு போட்டா அது 8ஓட ஏபிஐய, அதாவது 8ல இருக்கிற கிளாஸ், மெத்தட் பட்டியல வச்சே செக் பண்ணும்.

மதி_பில்ட்:
பேரு வச்சவங்களையும் சொல்லணும். 1998ல 1.2க்கு, ஜாவாவ உருவாக்கின சன் கம்பெனி 'ஜாவா 2'னு பேர் வச்சுச்சு, 2004ல 1.5 வந்தப்ப அத 5.0னாங்க, ஆக 'ஜாவா 2' 5.0னு ஒரு பேரு, கமாண்ட் அடிச்சா 1.5.0னு காட்டும்! 2017ல 9 வந்தப்பதான் முன்னாடி இருந்த அந்த 1 போச்சு.

சர்வர்சாமி:
வரலாறு சரி தங்கச்சி. ஆனா பாலு சொல்றது லைப்ரரி எழுதுறவங்க தலைவலி. எங்க டீம்ல ஒரே கன்டெய்னர் இமேஜ் (ஜேடிகே உட்பட எல்லாம் கட்டி வச்ச ரெடிமேட் பேக்கேஜ்), பில்டும் அதுலதான் ரன்னும் அதுலதான்.

மதி_பில்ட்:
சர்வர்ல சரிண்ணே, பசங்க லேப்டாப்ல? டெர்மினல்ல ஜாவா வெர்ஷன் கேட்டா பாத்ல (ப்ரோக்ராம் தேடுற ஃபோல்டர் பட்டியல்ல) இருக்கிற ஜாவா பேசும், பில்ட் பண்ற டூலான மேவன், ஜாவா ஹோம்னு தனியா செட் பண்ணி வச்ச ஜேடிகேய பாக்கும். டெர்மினல் 8னு சொல்லும், மேவன் 17ல பில்ட் பண்ணிட்டிருக்கும். "உன் ஜாவா என்ன?"னு நீங்க கேட்டா அவன் உண்மையாவே 8னுதான் சொல்வான்.

சர்வர்சாமி:
அது நியாயம். மேவன் வெர்ஷன் அவுட்புட்டையும் டிக்கெட்ல (பிரச்னைய பதியுற இடத்துல) ஒட்டுங்கனு கேக்குறேன். டார்கெட்ட தனியா எழுதச் சொல்றதுக்கு மட்டும் நான் ஒத்துக்கல, எங்க இமேஜ்ல அது மாறப்போறதில்ல.