கல்யாண டிவிடியைக் கணினிக்கு மாற்றினால் ஒலி முந்துகிறது, படம் பிந்துகிறது: எப்படிச் சரிசெய்வது?

கேள்வி

வணக்கம். 2007இல் நடந்த என் அக்காவின் திருமணத்தை ஒரு ஸ்டுடியோக்காரர் படம்பிடித்து இரண்டு டிவிடிகளாகக் கொடுத்திருந்தார். அவற்றில் கீறல் விழத் தொடங்கியிருப்பதால், வட்டுகள் படிக்கவே முடியாமல் போவதற்குள் கணினியில் ஒரு பிரதி எடுத்துவைக்க விரும்புகிறேன். வட்டில் படமும் ஒலியும் அடங்கிய விஓபி கோப்புகள் அனைத்தையும் ஹார்ட் டிஸ்க்குக்கு நகலெடுத்து, விண்டோஸின் காப்பி கட்டளையால் வட்டுக்கு ஒரு கோப்பாக ஒட்டி, ஹேண்ட்பிரேக் என்ற மென்பொருள் மூலம் எம்பி4 ஆக மாற்றினேன். தொடக்கத்தில் குறை எதுவும் தெரியவில்லை. ஆனால் முகூர்த்தக் காட்சியில் கெட்டிமேளம் காதில் விழுந்து ஒரு நொடிக்குப் பிறகுதான் தவில்காரரின் குச்சி தோலில் இறங்குகிறது. அதே வட்டை டிவிடி பிளேயரில் போட்டால் எல்லாம் ஒழுங்காக இருக்கிறது. பிரேம் விகிதத்தை, அதாவது நொடிக்கு எத்தனை பிரேம் என்பதை, மாற்றிப் பார்த்தும் பயனில்லை. கோளாறு வட்டில் இருக்கிறதா, மென்பொருளில் இருக்கிறதா என்று தெரிந்தவர்கள் விளக்கினால் உதவியாக இருக்கும்.

பதில் 1

விஎல்சி பிளேயரில் படம் ஓடும்போது ‘கே’ விசையை அழுத்தினால், ஒவ்வொரு அழுத்தத்துக்கும் ஒலி 50 மில்லிநொடி தாமதமாகும். ‘ஜே’ விசை அதற்கு நேர் எதிராக ஒலியை முன்னே கொண்டுவரும். எந்த அளவில் ஒலியும் படமும் பொருந்துகின்றனவோ அந்த எண்ணைக் குறித்துக்கொண்டு, ஒலி, படத் தடங்களை ஒரே கோப்பாகச் சேர்க்கும் எம்கேவிடூல்நிக்ஸ் மென்பொருளில் ஒலித் தடத்துக்குத் தாமதமாகக் கொடுத்துவிட்டால் வேலை முடிந்தது.

பதில் 2

மேலே சொல்லப்பட்ட வழி, தொடக்கம் முதல் முடிவு வரை விலகல் ஒரே அளவாக இருக்கும் கோப்புகளுக்குத்தான் பொருந்தும். உங்கள் கோப்பில் தொடக்கம் சரியாக இருக்கிறது என்கிறீர்கள். அதில் ஒலியை ஒட்டுமொத்தமாக ஒரு நொடி தள்ளினால் முகூர்த்தம் சரியாகி, தொடக்கக் காட்சிகள் கெட்டுவிடும். ஆனால் அந்த விசைகளை அளவுகோலாகப் பயன்படுத்தலாம். படத்தின் பல இடங்களில் அளந்து, விலகல் எப்படி மாறுகிறது என்று முதலில் பாருங்கள்.

எங்கு பார்த்தாலும் ஒரே அளவு விலகல் என்றால், ஒலியையும் படத்தையும் தனித்தனியாகப் பிரித்துச் சேர்த்தபோது ஒலியின் தொடக்க இடைவெளி கைவிடப்பட்டிருக்கும். விலகல் நிமிடத்துக்கு நிமிடம் சீராக வளர்ந்தால், பிரேம் விகிதம் தவறாகக் குறிக்கப்பட்டிருக்கும். நெடுநேரம் மாறாமல் இருந்து, ஓரிடத்தில் சட்டென்று கூடி, மீண்டும் மாறாமல் தொடர்ந்தால், அந்த இடத்தில் கோப்பு தவறாக ஒட்டப்பட்டிருக்கும் அல்லது ஒரு பகுதி தொலைந்திருக்கும். மூன்றுக்கும் தீர்வு வேறு வேறு என்பதால், அளக்காமல் அமைப்புகளை மாற்றிக்கொண்டிருப்பதில் பயனில்லை.

கல்யாண வீடியோவில் அளப்பதற்கு இடம் கிடைப்பதே கடினம். ஸ்டுடியோக்காரர்கள் முக்கால்வாசிக் காட்சிகளுக்குச் சினிமாப் பாட்டைப் போட்டு மூடிவிடுவதால், அங்கே ஒலி இரண்டு நொடி விலகினாலும் யாருக்கும் தெரியாது. உங்களுக்கு முகூர்த்தத்தில் மட்டும் குறை தென்பட்டதற்கு அதுவே காரணமாக இருக்கலாம். கோளாறு அதற்கு வெகு முன்பே தொடங்கியிருக்கும். ஆகவே லக்னப் பத்திரிகை வாசிப்பவரின் உதடு, தேங்காய் உடைபடும் நொடி, வாழ்த்திப் பேசும் பெரியவரின் முகம் என்று அசல் ஒலி இருக்கும் இடங்களைத் தேடிப் பிடித்து அளந்து எழுதுங்கள்.

கேட்டவரின் மறுமொழி

மிக்க நன்றி ஐயா. நீங்கள் சொன்னபடியே அளந்தேன். முதல் வட்டில் லக்னப் பத்திரிகை வாசிக்கும் இடத்தில் விலகல் இல்லை. மறுநாள் காலை காப்புக் கட்டும்போது 400 மில்லிநொடி ஒலி முந்துகிறது. அந்தச் சடங்கு முடியும்வரை அதே 400தான். முகூர்த்தம் தொடங்கும்போது 1,100 ஆகிவிடுகிறது, பிறகு வட்டின் இறுதிவரை மாறவில்லை. இரண்டாவது வட்டில், வரவேற்பில் ஒருவர் வாழ்த்திப் பேசிக்கொண்டிருக்கும்போதே படம் கட்டம் கட்டமாகச் சிதறி மீள்கிறது. அதன் பிறகு 300 மில்லிநொடி முந்துகிறது. அந்த வட்டை நகலெடுக்கும்போது விண்டோஸ் பிழை காட்டி நின்றுவிட்டதால், படிக்க முடியாத பகுதிகளைத் தாண்டிச் செல்லும் மென்பொருள் ஒன்றால் எடுத்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

பதில் 2

உங்களிடம் இருப்பவை இரண்டு வெவ்வேறு கோளாறுகள்.

முதல் வட்டில் விலகல் படிப்படியாக, அதுவும் சடங்குக்குச் சடங்கு மாறும் இடத்தில் ஏறுகிறது. ஸ்டுடியோவில் ஒவ்வொரு சடங்கையும் தனித்தனித் துண்டாகத் தயாரித்து, பிறகு மெனுவோடு சேர்த்து எழுதியிருக்கிறார்கள் என்று இதிலிருந்து தெரிகிறது. டிவிடியில் ஒலிக்கும் படத்துக்கும் 90 கிலோஹெர்ட்ஸ் கடிகாரத்தின் கணக்கில் நேரக்குறி பதிக்கப்பட்டிருக்கும். தனியாகத் தயாரிக்கப்பட்ட துண்டு தொடங்கும்போது அந்தக் கணக்கு மீண்டும் முதலிலிருந்து தொடங்கலாம். அதோடு ஒரு துண்டில் படம் முடிவதற்குச் சற்று முன்பே ஒலி முடிந்துவிடுவதும் உண்டு. இந்திய டிவிடிகளின் பால் (PAL) வீடியோ முறையில் ஒரு பிரேம் 40 மில்லிநொடி, டிவிடியில் ஒலியைச் சுருக்கும் ஏசி3 வடிவத்தில் ஒலியின் ஒரு துண்டு 32 மில்லிநொடி என்பதால் இரண்டும் ஒரே புள்ளியில் முடிவதே அரிது. ஸ்டுடியோவில் ஒலியை முன்கூட்டியே வெட்டியிருந்தால் இடைவெளி அரை நொடியைக்கூடத் தாண்டும். டிவிடி பிளேயர், எந்தத் துண்டு எங்கே தொடங்குகிறது என்று குறித்திருக்கும் ஐஎஃப்ஓ கோப்பைப் பார்த்து, துண்டு மாறும் இடத்தில் இரண்டையும் புதிதாக இணைத்துத் தொடங்குவதால் அங்கே உங்களுக்குக் குறை தெரியவில்லை. காப்பி கட்டளைக்கு ஐஎஃப்ஓ பற்றி எதுவும் தெரியாது. ஒட்டிய கோப்பில் நேரக்குறி திடீரெனப் பின்னோக்கிப் போகும்போது மாற்றும் மென்பொருள் ஊகித்துத்தான் தொடர வேண்டும். அது ஒலித் துண்டுகளை இடைவெளி விடாமல் அடுத்தடுத்து அடுக்கிவிட்டால், ஒவ்வொரு சந்திப்பிலும் ஒலி சற்று முந்திக்கொண்டே போகும். உங்கள் 400, 1,100 என்ற எண்கள் இதற்கு அப்படியே பொருந்துகின்றன.

காப்பி கட்டளையால் ஒட்டுவதே தவறு என்று இதற்குப் பொருள் கொள்ள வேண்டாம். டிவிடியில் எந்த விஓபி கோப்பும் 1 ஜிபிக்கு மேல் போகக் கூடாது என்பதால், ஒரே தொகுதியின் நீளமான படம் 1, 2, 3 என்று எண்ணிட்ட கோப்புகளாக வெட்டப்பட்டிருக்கும். அவற்றைத் திரும்ப ஒட்டுவதால் தீங்கில்லை. வெவ்வேறு தொகுதிகளை ஒட்டுவதும், பூச்சியம் என்று எண்ணிட்ட மெனு கோப்பைச் சேர்த்து ஒட்டுவதும், ஒரே தொகுதிக்குள் நேரக்குறி முறியும் இடத்தைக் கவனிக்காமல் விடுவதும்தான் சிக்கலை உண்டாக்குகின்றன.

ஆகவே இப்போதிருக்கும் எம்பி4 கோப்பைச் செப்பனிட முயலாமல் வட்டுக்கே திரும்பிச் செல்லுங்கள். மேக்எம்கேவி மென்பொருளில் வட்டைத் திறந்தால், அது ஐஎஃப்ஓவைப் படித்து ஒவ்வொரு தலைப்பையும், அதாவது தனியாக ஓடும் ஒவ்வொரு படப் பகுதியையும், தனி எம்கேவி கோப்பாகத் தரும். படத்தை மறுபடி சுருக்காது என்பதால் தரமும் குறையாது. அதன் அமைப்பில் 120 நொடிக்குக் குறைவான தலைப்புகளை விட்டுவிடுமாறு இயல்பாகவே குறிக்கப்பட்டிருக்கும். அந்த எண்ணைக் குறைக்காவிட்டால் சிறிய சடங்கு ஏதேனும் விடுபட்டுப்போகலாம். கிடைத்த கோப்புகளை எம்கேவிடூல்நிக்ஸில் ஒன்றன்பின் ஒன்றாகச் சேர்க்கும் வசதியால் இணையுங்கள். அது அடுத்த கோப்பின் ஒலியையும் படத்தையும் ஒரே அளவு நகர்த்தி வைக்கும் என்பதால், முந்தைய துண்டில் ஒலி குறைவாக இருந்தால் அங்கே சிறு மௌனம் இருக்குமே தவிர, பின்னால் வருவது முந்தாது. எம்பி4 தேவையென்றால் அதற்குப் பிறகு ஹேண்ட்பிரேக்கில் கொடுத்து, பிரேம் விகிதத்தை மூலத்தில் உள்ளபடி, மாறாத விகிதம் என்று வையுங்கள். மாறும் விகிதத்தில் உள்ள கோப்பைச் சில எடிட்டிங் மென்பொருள்கள் தவறாகப் படித்துப் புதிதாக ஒரு விலகலை உண்டாக்கும்.

பதில் 3

இடையில் குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். அமெரிக்காவில் நடந்த என் மகளின் அரங்கேற்ற டிவிடியிலும் ஒலி விலகுகிறது. ஆனால் எங்களுக்கு ஒலி பிந்துகிறது. அலாரிப்பில் தெரியவில்லை, வர்ணத்தில் லேசாகத் தெரிகிறது, தில்லானாவில் பாதம் தரையில் பட்ட பிறகு சில நொடி கழித்து நட்டுவாங்கத் தாளம் கேட்கிறது. படத்தையும் ஒலியையும் பிரித்தெடுத்துத் திரும்பச் சேர்த்தேன். இதற்கும் அதே தீர்வுதானா?

பதில் 2

இல்லை. உங்களுடையது சீராக வளரும் விலகல். அமெரிக்க டிவிடி அந்நாட்டு வீடியோ முறையான என்டிஎஸ்சியில் இருக்கும். அதன் விகிதம் நொடிக்கு 29.97 பிரேம், சரியாகச் சொன்னால் 30,000ஐ 1,001ஆல் வகுத்த எண். தனியாகப் பிரித்த படத்தை முழு 30 என்று குறித்துச் சேர்த்தால், படம் ஆயிரத்தில் ஒரு பங்கு வேகமாக ஓடி, மணிக்கு 3.6 நொடி முன்னே போய்விடும். இரண்டு மணி நேர நிகழ்ச்சியின் முடிவில் ஏழு நொடிக்கு மேல் விலகியிருந்தால் இதுதான் காரணம் என்று உறுதியாக எடுத்துக்கொள்ளலாம். எம்கேவிடூல்நிக்ஸில் படத் தடத்தின் பிரேம் விகிதத்தை அந்தப் பின்னமாகவே கொடுத்து மறுபடி சேருங்கள். ஒலியைத் தொட வேண்டாம். அல்லது பிரிக்காமல் வட்டிலிருந்தே நேராக எடுத்தால் இந்தச் சிக்கலே வராது.

கேட்டவரின் மறுமொழி

முதல் வட்டு முழுமையாகச் சரியாகிவிட்டது ஐயா. மேக்எம்கேவி தலைப்புகளைத் தனித்தனியாகத் தந்தது. இணைத்த பிறகு கெட்டிமேளத்தில் குச்சியும் ஒலியும் ஒன்றாக விழுகின்றன. காப்பு முடியும் இடத்தில் நீங்கள் சொன்ன மௌனத்தையும் கவனித்தேன். ஆனால் இரண்டாவது வட்டை மேக்எம்கேவி பாதியில் பிழை காட்டி நிறுத்திவிடுகிறது.

பதில் 4

அந்த வட்டிலிருந்து நேராகத் தலைப்புகளை எடுக்க வேண்டாம்; முதலில் வட்டு முழுவதையும் ஒரே ஐஎஸ்ஓ பிரதியாக மீட்டெடுங்கள். லினக்ஸில் இயங்கும் டிடிரெஸ்க்யூ இதற்கு ஏற்றது. டிவிடியில் தரவு எழுதப்படும் சிறு அலகான செக்டர் 2,048 பைட் என்பதால் அந்த அளவைக் குறித்து, முதல் சுற்றில் கெட்ட பகுதிகளை நோண்டாமல் நல்ல பகுதிகள் எல்லாவற்றையும் எடுக்கச் சொல்லுங்கள்; அடுத்த சுற்றில் விடுபட்டவற்றை மட்டும் திரும்பத் திரும்பப் படிக்கச் சொல்லலாம். எது கிடைத்தது, எது கிடைக்கவில்லை என்பதை அது ஒரு வரைபடக் கோப்பில் குறித்துவைக்கும். அதே கோப்பை வைத்துக்கொண்டு வேறொரு டிரைவில் வட்டைப் போட்டு விட்ட இடத்திலிருந்து தொடரலாம். ஒரு டிரைவ் படிக்காத செக்டரை மற்றொன்று படித்துவிடுவது அடிக்கடி நடக்கிறது. பழைய மேசைக் கணினியிலிருந்து கழற்றிப்போட்ட டிரைவ் இருந்தால் அதையும் எடுத்துப் பாருங்கள். வட்டை முன்னதாக மென்மையான துணியால் நடுவிலிருந்து விளிம்பை நோக்கி நேராகத் துடையுங்கள், வட்டமாகத் துடைக்க வேண்டாம்.

முன்பு ஏற்பட்ட 300 மில்லிநொடிக்குக் காரணம், படிக்க முடியாத பகுதியோடு ஒலித் துண்டுகள் தொலைந்தபோது அந்த இடம் மௌனத்தால் நிரப்பப்படாமல் அடுத்த ஒலி அங்கேயே ஒட்டப்பட்டதுதான். ஐஎஸ்ஓவில் கெட்ட செக்டர்களின் இடம் காலியாகவேனும் காக்கப்படும். மேக்எம்கேவியில் அந்த ஐஎஸ்ஓவைத் திறந்து எடுக்கும்போது பின்னால் வருபவற்றின் நேரக்குறிகள் கலையாமல் இருக்கும் என்பதால், சிதறல் அந்த இடத்தோடு நின்றுவிட வேண்டும்.

கேட்டவரின் மறுமொழி

அலுவலகத்து நண்பர் ஒருவரின் டிரைவில் தொடர்ந்ததில், முதல் டிரைவ் விட்டவற்றில் பெரும்பகுதி கிடைத்துவிட்டது. வாழ்த்துரையில் இன்னும் அரை நொடி படம் சிதறுகிறது. ஆனால் அதற்குப் பிறகு உதடும் பேச்சும் பிசகாமல் போகின்றன. அந்த அரை நொடியையும் மீட்க வழியுண்டா?

பதில் 4

பால் டிவிடியில் படம் 15 பிரேம் வரையான கூட்டங்களாகச் சுருக்கப்பட்டிருக்கும். கூட்டத்தின் முதல் பிரேம் கெட்டால் அதைச் சார்ந்த மற்றவையும் சேர்ந்து கெடும் என்பதால் அரை நொடிச் சிதறல் இயல்பானதே. செக்டர் படிக்கப்படாத வரையில் எந்த மென்பொருளாலும் அதை வரவழைக்க முடியாது. மாப்பிள்ளை வீட்டாருக்கும் ஸ்டுடியோ ஒரு செட் கொடுத்திருக்கக்கூடும். அதே மூலக் கோப்பிலிருந்து எழுதப்பட்ட வட்டாக இருந்தால், அதை டிரைவில் போட்டு அதே வரைபடக் கோப்பைக் கொண்டு விடுபட்ட செக்டர்களை மட்டும் நிரப்பிக்கொள்ளலாம். அதுவரை ஐஎஸ்ஓவையும் வரைபடக் கோப்பையும் அழிக்காமல் வைத்திருங்கள்.